சொந்த ஊர் அணி எங்கள் மகனை ட்ரேட் செய்தபோது

கனடாவில் ஜூனியர் ஐஸ் ஹொக்கி ஆடும் பிள்ளைகள் உள்ள வீடுகளில், ஜனவரி 10 நெருங்க நெருங்க ஒருவரும் நிம்மதியாக இருப்பதில்லை. அந்தப் பருவத்துக்கான வீரர் பட்டியலை அணிகள் அன்றோடு முடித்துவிட வேண்டும். அதற்கு முந்தைய நாட்களில் போன்கள் அடித்துக்கொண்டே இருக்கும். எந்தப் பிள்ளை எந்த ஊருக்குப் போகிறான் என்பது சில மணி நேரத்தில் மாறிவிடும். அப்படி ஒரு போனில் எங்கள் மூத்த மகனின் பெயரும் அடிபட்டது. பிறந்து வளர்ந்த ஊரின் அணியிலிருந்து, ஒட்டாவா ஆற்றோடு மேற்கே போனால் வரும் இன்னொரு ஊருக்கு அவனைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வீரரைக் கொடுத்து வேறொன்றை வாங்கும் இதைத்தான் ட்ரேட் என்கிறார்கள்.

நம்மவர்களின் பிள்ளைகளும் இப்போது ஹொக்கிக்கு வருகிறார்கள். பிள்ளையை எங்கே சேர்ப்பது, ஸ்கேட்ஸ் எங்கே மலிவாக வாங்குவது என்றெல்லாம் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். ட்ரேட் ஆன இரவு வீட்டில் என்ன நடக்கும் என்று மட்டும் எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மகனிடம் கேட்டு, அவன் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன்.

அந்த அணி அவனுக்கு என்னவாக இருந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் அரீனா. சின்ன வயதில் ஜூனியர் ஆட்டங்களின் இடைவேளையில், முழங்காலுக்குக் கீழே தொங்கும் ஜெர்சியோடு மற்றக் குழந்தைகளுடன் பனியில் இறங்கி ஓடி விழுந்து எழும்பியவன் அவன். ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் உடைமாற்றும் அறைக்குப் போகும் வழியில் நின்று கையை நீட்டுவான். பெரிய வீரர்கள் கையுறையால் தட்டிவிட்டுப் போவார்கள். பிறகு ஒருநாள் அவனே அந்த வழியால் நடந்தான், வேறு குழந்தைகள் கையை நீட்டினார்கள். அவனுக்கு அதைவிடப் பெரிய கனவு இருந்ததாக நான் நினைக்கவில்லை. பதினெட்டு வயதில் வேறு அணிகள் கேட்டன, கூடுதல் நேரம் ஆடவிடுவோம் என்றும் சொன்னார்கள். அவன் போகவில்லை. அணி தொடர்ந்து தோற்ற பருவத்திலும் போகவில்லை.

அவன் ஆடிய ஜூனியர் ஏ என்ற படிநிலையில் இருபது வயதுதான் கடைசி வயது. அந்தக் கடைசிப் பருவத்தில், புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்த அணி, மூத்த பிள்ளைகளைக் கொடுத்து இளையவர்களை வாங்கத் தொடங்கியது. மேலே இருந்த ஒரு அணிக்கு அனுபவமுள்ள தடுப்பாட்டக்காரன் தேவைப்பட்டான். எங்கள் மகனுக்கு ஈடாக அவர்கள் கொடுத்தது ஒரு இளைய வீரனை ஒப்பந்தம் செய்யும் உரிமை, அதோடு “பின்னர் தீர்மானிக்கப்படும்” ஏதோ ஒன்று. இந்த இரண்டாவது விஷயம்தான் அவனைக் கூடுதலாகச் சுட்டது. “எனக்குப் பதிலாக என்ன வாங்கினோம் என்றுகூட அவர்களுக்கு இன்னும் தெரியாதாம், அப்பா” என்றான்.

அணியின் பக்கம் நியாயம் இருந்தது. அவனுக்கும் அது நன்றாக விளங்கியது. விளங்கியதால் வலி ஒரு துளிகூடக் குறையவில்லை.

அன்று பின்னேரம் கோச் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவன் காருக்கு வந்து சேர்வதற்குள் அணியின் குழு அரட்டையிலிருந்து அவன் பெயரை எடுத்துவிட்டார்கள். வேண்டுமென்று செய்ததல்ல, யாரோ ஒருவர் வழக்கமான வேலையாகச் செய்திருப்பார். ஆனால் காலையில் எழுந்ததும் பார்ப்பது, பஸ்ஸில் சிரிப்பது, தோற்ற இரவில் ஒருவரையொருவர் தேற்றுவது எல்லாமே அந்த அரட்டையில்தான் நடந்தன. ட்ரேட்டைவிட அதுதான் முதலில் அடித்தது என்று பிறகு சொன்னான். அன்று இரவே அணியின் பக்கத்தில் அவன் படத்தோடு “நன்றி” என்று ஒரு பதிவு வந்தது. படத்தில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

அம்மம்மா கேட்டார், “பிள்ளையை வித்துப்போட்டாங்களா?” அதற்கு நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை.

ஒட்டாவாவில் இருப்பவர்களுக்கு இந்த வலி புதிதல்ல. ஒட்டாவாவின் தொழில்முறை NHL அணியான செனட்டர்ஸ், ஜோன் கப்ரியேல் பாஜோ என்ற வீரரைக் கொடுத்த 2020 பிப்ரவரி 24 எங்கள் வீட்டிலும் ஒரு துக்க நாள்தான். ஒட்டாவாவில் பிறந்து, ஆற்றுக்கு அக்கரையில் கட்டினோ நகர அணியில் ஆடி, NHL அணிகள் இளம் வீரர்களை எடுக்கும் 2011 தேர்வில் நான்காம் சுற்றில் செனட்டர்ஸுக்கு வந்தவர் அவர். 2013 மே மாதம் மொன்றியலுக்கு எதிரான பிளேஆஃப் (பருவ இறுதியில் கிண்ணத்துக்காக நடக்கும் சுற்று) ஆட்டத்தில், அனுபவமில்லாத புது வீரராக மூன்று கோல் போட்டார். 2017 ஏப்ரல் 29 அன்று நியூயோர்க் ரேஞ்சர்ஸுக்கு எதிராக நான்கு கோல் போட்டார். நான்காவது கோல் இரண்டாவது கூடுதல் நேரத்தில் வந்தது, ஆட்டம் 6-5 என்று முடிந்தது. அரங்கம் முழுவதும் அவர் பெயரையே பாட்டாகப் பாடும். எங்கள் மகனும் தம்பியும் வீட்டு நிலவறையில் மினி ஸ்டிக்கோடு ஆடும்போது அதே பாட்டைப் பாடுவார்கள்.

ட்ரேட் ஆன அந்தப் பருவத்தில் பாஜோ 60 ஆட்டத்தில் 24 கோல் போட்டிருந்தார். அவர் வாழ்க்கையில் அதுவரை அதுதான் சிறந்த பருவம். அந்த நேரத்தில்தான் நியூயோர்க் ஐலண்டர்ஸ், தேர்வில் இளம் வீரர்களை எடுக்கும் உரிமைகளாக ஒரு முதல் சுற்றுத் தெரிவையும் ஒரு இரண்டாம் சுற்றுத் தெரிவையும், நிபந்தனையோடு ஒரு மூன்றாம் சுற்றுத் தெரிவையும் கொடுத்து அவரை வாங்கியது. அன்றே ஆறு வருடத்துக்கு 3 கோடி டொலர் ஒப்பந்தமும் போட்டார்கள். பணத்தை வைத்துப் பார்த்தால் யாரும் பொறாமைப்படும் நாள் அது. ஆனால் ஊர்ப் பிள்ளை ஒருவன், தான் சிறுவனாகப் பார்த்து வளர்ந்த அணியின் ஜெர்சியைக் கழற்றுவதைப் பார்த்த எவருக்கும் அன்று பணம் பெரிதாகத் தெரியவில்லை. ஐலண்டர்ஸ் அந்த வருடமும் அடுத்த வருடமும் கடைசி நான்கு அணிகளுக்குள் வந்தது. செனட்டர்ஸ் மறுபடி பிளேஆஃப் பார்க்க 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எங்கள் மகனுக்கு ட்ரேட் ஆன சில நாள் கழித்து, தம்பிக்காரன் ஒன்றைத் தேடிப் பிடித்து வந்து அவனிடம் காட்டினான். பாஜோ ஜூனியரிலும் கட்டினோவில் தொடங்கி ஷிகூட்டிமி அணியில்தான் முடித்திருக்கிறார். வீட்டுக்குப் பக்கத்து அணியை விட்டு வடக்கே பல மணி நேரம் தள்ளிப் போய் ஆடிவிட்டு, அதற்குப் பிறகுதான் ஒட்டாவாவின் செல்லப் பிள்ளையானார். நாங்கள் பெரியவர்கள் சொன்ன எந்த ஆறுதலையும்விட அந்தத் தகவல்தான் அவனை நிமிர்ந்து உட்கார வைத்தது. தான் கும்பிட்ட ஆளுக்கும் கிட்டத்தட்ட அதே வயதில் அதே மாதிரி நடந்திருக்கிறது என்று தெரிவது பெரிய விஷயம்.

இனி, நாங்கள் அனுபவத்தில் கண்டவற்றைச் சொல்கிறேன்.

முதல் இரவில் பேச்சு வேண்டாம். உறவினர்கள் போன் எடுத்து “எல்லாம் நன்மைக்குத்தான்”, “மேலே இருக்கிற அணிதானே, யோசித்துப் பார்த்தால் அதிர்ஷ்டம்” என்றார்கள். நல்ல மனத்தோடுதான் சொன்னார்கள். அவன் காதில் அது “நீ கவலைப்படுவது பிழை” என்று விழுந்தது. வாய்ப்பு, வளர்ச்சி, வியாபாரம் போன்ற சொற்கள் எல்லாம் உண்மையாக இருக்கலாம், ஆனால் அவற்றுக்கு முதல் இரவில் இடமில்லை. மனைவி புட்டும் மீன்குழம்பும் வைத்தார். அவன் பாதி சாப்பிட்டான். அதற்குப் பிறகு நிலவறையில் தம்பியோடு ஒரு பழைய ஆட்டத்தைச் சத்தமில்லாமல் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் மேலேயே இருந்தோம். கிட்டத்தட்ட ஒரு சாவீட்டில் இருப்பதுபோலத்தான் இருந்தது, அப்படி இருக்க விட்டது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

கோச்சுக்குப் பெற்றோர் போன் எடுத்துச் சண்டை பிடிப்பது பிள்ளைக்கு உதவாது. அவனுடைய அனுமதி இல்லாமல் அவனுக்காக நாங்கள் பேசினால், ஊரில் அவன் சேர்த்து வைத்த மரியாதைதான் போகும். சமூக ஊடகத்திலும் அப்படித்தான். அன்று இரவு எதையும் போடாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். அடுத்த நாள் அவனே நாலு வரி எழுதினான். அதில் கோச்சின் பெயர் இல்லை, உபகரணங்களைப் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்கும் கதவில் டிக்கெட் கிழிக்கும் அம்மாவுக்கும்தான் நன்றி இருந்தது.

எல்லாவற்றிலும் முக்கியமானது விடைபெறுவது. புது அணி அடுத்த நாளே பயிற்சிக்கு வரச் சொன்னது. சாமான் பையை யாராவது எடுத்துவரட்டும், நான் அந்தக் கட்டடத்துக்குள் போகமாட்டேன் என்றான். மனைவிதான் விடவில்லை. “நீ அங்கே களவெடுத்துவிட்டா ஓடுகிறாய்? போய் முகம் காட்டிவிட்டு வா” என்றார். போனான். உபகரணக்காரப் பெரியவர் அவன் ஸ்கேட்ஸைத் தீட்டி, பழைய லேஸை மாற்றி, தயாராக வைத்திருந்தாராம். பனி சமப்படுத்தும் சம்போனி ஓட்டுபவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து கட்டிப்பிடித்தாராம். கூட ஆடிய பையன்கள் ஒவ்வொருவராக வந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை, சிலர் அவனைவிடக் கூடுதலாக அழுதார்கள். திரும்பி வந்தபோது அவன் கண் சிவந்திருந்தது, ஆனால் முதல் நாள் இரவு இருந்த அந்த வெட்கம் போய்விட்டது. ட்ரேட் ஆன பிள்ளைக்கு வெட்கம் வரும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. தன்னை வேண்டாம் என்று ஊரே சொல்லிவிட்டதாக அவன் நினைத்திருக்கிறான். ஊர் அப்படிச் சொல்லவில்லை என்பதை நேரில் போய்த்தான் காண முடிந்தது.

புது அணியின் கோச் முதலில் போன் எடுக்கும்போது பிள்ளைகள் “சரி, சரி” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். அதற்கு முதல் ஒரு தாளில் கேள்விகளை எழுதிக்கொள்ளச் சொன்னோம். என்னை எந்த இடத்தில், எந்த நேரத்தில் ஆடவிட நினைக்கிறீர்கள்? எங்கே தங்குவேன்? வெளியூர் வீரர்களை வீட்டில் தங்கவைக்கும் பிலெட் குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு, அதை யார் கட்டுவது? பழைய அணிக்குக் கட்டிய பருவக் கட்டணத்தில் மீதி என்ன ஆகும்? பதிவுத் தாள்களும் காப்புறுதியும் மாறும் வரை பயிற்சியில் இறங்கலாமா? ஜூனியர் ஏ ஆட்டத்தில் சம்பளம் கிடையாது, செலவுதான். ஆகவே பணக் கேள்விகளைக் கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை. பதிலை மின்னஞ்சலிலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு இருந்தால் அன்றே ஆசிரியர்களுக்கு எழுதிவிட வேண்டும். எங்கள் மகன் இணையவழியில் இரண்டு பாடம் எடுத்துக்கொண்டிருந்தான், ஒரு தேர்வை ஒரு வாரம் தள்ளிப்போட்டார்கள்.

இன்னொன்று, ட்ரேட் ஆன கையோடு பிள்ளையைப் புது ஊருக்குத் தனியாகக் கார் ஓட்டிப் போக விடாதீர்கள். ஒட்டாவாவிலிருந்து மேற்கே போகும் 417 நெடுஞ்சாலை முடிந்து 17 தொடங்கியதும், போக ஒரு தடம், வர ஒரு தடம்தான். ஜனவரியில் பனி வீசும், மரம் ஏற்றிய லொறிகள் எதிரே வரும். அழுது களைத்த இருபது வயதுப் பிள்ளை தனியாக ஓட்டக்கூடிய பாதை அல்ல அது. நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். ஒன்றரை மணி நேரத்தில் அவன் பேசியது சில வசனங்கள்தான், ஆனால் அந்தப் பயணத்தில்தான் ஒன்றைக் கேட்டான்: “நான் அவர்களுக்காக நின்றேன். அவர்கள் எனக்காக நிற்கவில்லை. அப்போது நான் நின்றதற்கு அர்த்தம் என்ன?”

இதற்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. என்னிடம் இருந்த பதிலைப் பிறகு சொன்னேன். அவன் நின்றது நிர்வாகத்துக்காக அல்ல. பக்கத்தில் தோளோடு தோள் உட்கார்ந்த பையன்களுக்காக, வழியில் கை நீட்டிய குழந்தைகளுக்காக, தன் ஊருக்காக நின்றான். அவர்களுக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டது. அதை ஒரு ட்ரேட் திருப்பி எடுக்க முடியாது.

கிளோட் ஜிரூ என்ற NHL வீரரின் கதை அவனுக்கு நன்றாகத் தெரியும், இளமையில் எங்கள் நகரத்தில் வளர்ந்தவர். பிலடெல்பியா அணியின் தலைவராக நீண்ட நாள் இருந்தவர். 2022 மார்ச் 17 அன்று அதே அணிக்காகத் தன் ஆயிரமாவது ஆட்டத்தை ஆடினார், இரண்டு நாளில் புளோரிடாவுக்கு ட்ரேட் ஆனார். தன்னை ட்ரேட் செய்வதைத் தடுக்கும் உரிமை அவருடைய ஒப்பந்தத்தில் இருந்தது, அவராக அதை விட்டுக்கொடுத்தார். அந்தக் கோடையிலேயே செனட்டர்ஸோடு ஒப்பந்தம் போட்டு ஒட்டாவாவுக்கு வந்தார். பெரிய வீரர்களுக்கு அந்த உரிமையாவது உண்டு. எங்கள் பிள்ளைகளுக்கு எல்லாம் முடிந்த பிறகு ஒரு செய்தி, அவ்வளவுதான். அதனால் சேரும்போதே கேட்டுவிடுங்கள்: கடைசி வருடத்தில் ட்ரேட் செய்வதானால் முதலில் பிள்ளையிடம் பேசுவீர்களா? எழுத்தில் தரமாட்டார்கள். ஆனால் கேட்ட பெற்றோரின் பிள்ளைக்கு ஒரு போன் முன்கூட்டியே வருவதை நான் கண்டிருக்கிறேன்.

வீட்டில் மற்றவர்களின் துக்கத்தையும் சொல்ல வேண்டும். மனைவி அந்த அரீனாவில் 50/50 சீட்டு (வசூலில் பாதி வென்றவருக்குப் போகும் குலுக்கல்) விற்கும் தொண்டர். அந்தப் பெண்கள்தான் அவருடைய வெள்ளிக்கிழமை நண்பர்கள். ட்ரேட்டுக்குப் பிறகு அங்கே போவதா விடுவதா என்று அவர் குழம்பினார். கடைசியில் பருவம் முடியும் வரை போனார். அது மகனுக்குப் பிடிக்காதோ என்று நாங்கள் பயந்தோம், அவனுக்குப் பிடித்திருந்தது. தம்பிக்காரன்தான் அதிகம் கோபப்பட்டான், பழைய அணியின் தொப்பியைக் குப்பையில் போட்டான். அண்ணன் எடுத்துத் திரும்ப அலுமாரியில் வைத்தான்.

புது ஊரில் பிலெட் அம்மா நல்லவர். முதல் வாரம் அவனைக் கேள்வி கேட்காமல் விட்டார், மேசையில் இடம் மட்டும் வைத்தார். நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்த கறித்தூளைப் போட்டு அவரே கோழிக்கறி வைத்துப் பார்த்தார். புது அணியின் நிற ஹெல்மெட்டைப் போட்டுக் கண்ணாடி பார்த்த நாள்தான் மிகவும் கஷ்டமாக இருந்தது என்று மகன் சொன்னான். இரண்டு மூன்று வாரம் ஆட்டம் சரியாக வரவில்லை. அதுவும் வழக்கம்தான், புது ஜோடி, புது ஒழுங்கு. ஆனால் நித்திரையும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டுப்போனால், பிள்ளை நண்பர்களோடு பேசுவதையே நிறுத்தினால், குடும்ப வைத்தியரிடம் போங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் நினைப்பு தெரிந்தால் கனடாவில் எந்த நேரமும் 988 என்ற எண்ணுக்குப் போன் எடுக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். ஹொக்கி விஷயத்துக்கு இதெல்லாம் கூடுதல் என்று நினைக்காதீர்கள். பத்துப் பதினைந்து வருடமாக ஒரு பிள்ளை தன்னை யார் என்று சொல்லிக்கொண்டிருந்ததே அந்த அணியை வைத்துத்தான்.

பழைய அணிக்கு எதிரான முதல் ஆட்டம் பிப்ரவரியில், எங்கள் ஊர் அரீனாவில் நடந்தது. முதல் நாள் அவன் என்னிடம் கேட்டது உடைமாற்றும் அறையைப் பற்றி. இத்தனை வருடம் வாசலில் இடப்பக்கம் திரும்பியவன், இனி விருந்தினர் அறைக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். நேரத்தோடு போ, ஆட்கள் வருமுன் ஒரு தடவை நடந்து பார் என்று சொன்னேன். போய் நடந்து பார்த்திருக்கிறான். பெயரை அறிவித்ததும் சனம் எழும்பிக் கைதட்டியது. முதல் பகுதி முழுவதும் கால்கள் ஈயமாகக் கனத்தன என்றான். இரண்டாம் பகுதியில், பழைய நண்பன் ஒருவன் அவனை மூலையில் பலகையோடு சேர்த்து நல்ல இடி ஒன்று இடித்து, எழும்பும்போது கையால் தட்டிவிட்டுப் போனான். அதற்குப் பிறகுதான் அவனுக்கு ஆட்டம் வந்தது. யார் வென்றார்கள் என்பதைவிட, முடிந்ததும் இரண்டு அணிப் பையன்களும் எங்கள் வீட்டுக்கு வந்து சோறும் கறியும் சாப்பிட்டதுதான் எங்களுக்கு நினைவிருக்கிறது.

புது அணி பிளேஆஃபில் இரண்டாம் சுற்றுவரை போனது. அதோடு அவனுடைய ஜூனியர் வயது முடிந்தது. இப்போது ஒட்டாவாவில் படிக்கிறான். பழைய அரீனாவில் சிறுவர் அணி ஒன்றுக்கு உதவிப் பயிற்சியாளராக வரமுடியுமா என்று கேட்டு அவனுக்குப் போன் எடுத்தவர், அவனை ட்ரேட் செய்த அதே கோச். மகன் சில நாள் யோசித்தான், நாங்கள் வாய் திறக்கவில்லை. பிறகு சரி என்றான்.

ஜனவரியில் உங்கள் பிள்ளைக்கு அந்தப் போன் வந்தால், எங்கள் மகனிடம் பேசச் சொல்லுங்கள். தமிழ்ப் பிள்ளைகளோடு இதைப் பற்றிப் பேச அவனுக்கு விருப்பம், எந்த ஊர், எந்த அணி என்று பார்க்கமாட்டான்.